லொறியின் நிறை வரம்பும் கமக்காரரும்

தெமோதரையில் புகையிரதப் பாதை ஏற்றத்தைத் தணிப்பதற்காகச் சுற்றி வளைந்து, நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. மலைச்சரிவில் இருப்புப் பாதைக்கு எல்லை இருத்தல்போல வீதிக்கும் எல்லை உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், அனுமதிக்கப்பட்ட நிறைக்கு மேற்பட ஏற்றுதல் குற்றமாகும்.

கணக்கிடும் முறை: மொத்த நிறை வரம்பிலிருந்து லொறியின் வெற்று நிறையைக் கழித்தல் வேண்டும். வரம்பு 6,500 கிலோகிராம், வெற்று நிறை 3,000 எனக் கொள்வோம். மீதி 3,500; அதாவது 50 கிலோகிராம் நெல் மூடைகள் 70. ஆட்கள் நால்வர் ஏறின் ஏறக்குறைய 65 மூடைகளே ஏற்றலாம்.

மிகைப் பாரத்தால் விளையும் தீமைகள்:

1. அச்சின் பாரம் இருமடங்காயின், வீதிக்கு நேரும் தேய்வு ஏறக்குறைய 16 மடங்காகும்.

2. நீண்ட இறக்கத்தில் தடுப்புக்கள் சூடேறி வலுவிழக்கும்.

3. அடியிலுள்ள தக்காளி, கோவா முதலியன நசுங்கி விலை குன்றும்.

4. குறுகிய வளைவில் லொறி கவிழின், பதுளை வைத்தியசாலைக்கு விரையும் நோயாளர் வண்டியும் தடைப்படும்.

கழுவிய கரட், லீக்ஸ் ஆகியவற்றை நீர் வடிந்தபின் நிறுத்து ஏற்றுக. பாரத்தைச் சமமாகப் பரப்பிக் கட்டுக. எஞ்சியதை மறுநடையில் அனுப்புதலே இலாபம்; உயிருக்கும் காப்பு.