சுற்றுச்சூழலும் இலாபமும்: ஒரு சாயப்பட்டறைக் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் சுற்றுச்சூழல் பொருளியல் பாடம் இருக்கிறது; கணக்குப்பதிவியலில் விகிதப் பகுப்பாய்வு இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக நடத்தி முடித்துவிடுகிறோம். சுற்றுச்சூழலைக் காக்கும் நிறுவனத்துக்கு இலாபம் கூடுமா, குறையுமா என்று ஒரு மாணவர் கேட்டால் இரண்டையும் சேர்த்தால்தான் பதில் சொல்ல முடியும். "நீண்ட காலத்தில் கூடும்" என்று தேர்வில் எழுதிவிடுவார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். என் வகுப்பில் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை வருமானத்தில் படிக்கும் பிள்ளைகள் அதிகம். செலவு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் திருப்பூரையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பும் மிஞ்சிய சாயமும் கழிவுநீரில் கலந்து பல ஆண்டுகள் நொய்யலில் ஓடின. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமானது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் முடிவில், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதியைப் பின்பற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இனி கரும்பலகைக் கணக்கு. எண்கள் கற்பனைதான். இரண்டு பட்டறைகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு விற்பனை 120 இலட்சம், மாறும் செலவு 72 இலட்சம், நிலைச் செலவு 36 இலட்சம், இலாபம் 12 இலட்சம். முதல் பட்டறை கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. அதற்கு 9 இலட்சம் செலவு. சவ்வூடு முறையில் திரும்பக் கிடைக்கும் தண்ணீராலும் உப்பாலும் 3 இலட்சம் மிச்சம். இலாபம் 6 இலட்சமாகிறது. நிகர இலாப விகிதம் 10 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கிவிட்டது. இதோடு நிறுத்தினால் ஆற்றில் விடுபவரே கெட்டிக்காரர்.

மூன்று ஆண்டுகளுக்கு நீட்டுவோம். முதல் பட்டறைக்கு மொத்தம் 18 இலட்சம். இரண்டாவது பட்டறையை மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் மூடிவிட்டார்கள். விற்பனையும் மாறும் செலவும் பாதியாகின்றன. வாடகையும் வட்டியும் குறையவில்லை. அந்த ஆண்டு 12 இலட்சம் நட்டம். மூன்றாண்டுக் கூட்டல் 12 இலட்சம்தான்.

இங்கேதான் மாணவர்களை விட்டுப் பிடிக்க வேண்டும். மூன்று மாதம் மட்டும் மூடியிருந்தால்? இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கூட்டல் 24 இலட்சம். ஆற்றில் விட்டவருக்கே இலாபம். எந்த இடத்தில் சமமாகிறது என்று கேட்டால் நாலரை மாதம் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல நடத்தைக்குச் சந்தை தானாகவே பரிசு தந்துவிடுவதில்லை. சட்டம் எவ்வளவு உறுதியாக அமலாகிறது என்பதைப் பொறுத்தே இலாபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முடிவாகிறது. பாடநூலில் இந்த இடம் இன்னும் அழுத்தமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்த கேள்வி, அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையிடமிருந்து வரும்: "எங்க கிணறு உப்பானது எந்தக் கணக்குல வருது சார்?" இரண்டு பட்டறைகளின் பேரேட்டிலும் அது இல்லை. எதிர்மறைப் புறவிளைவு என்ற சொல்லை அப்போது எழுதிப் போட்டால் போதும், விளக்கமே தேவைப்படாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கணக்குதான். டீசல் கார்களின் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வைத்திருந்தது ஃபோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அது வெளிப்பட்டதும் சில நாட்களிலேயே அதன் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அபராதம், இழப்பீடு எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டின. மறுபக்கம், கழிவு உண்டாவதையே குறைத்தால் மூலப்பொருள் மிச்சமாகும் என்று 1975இலேயே 3எம் நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கி நடத்தியது.

ஒரு எச்சரிக்கை. பசுமை நடவடிக்கைகளில் முன்னால் நிற்கும் நிறுவனங்கள் பல நல்ல இலாபத்திலும் இருக்கின்றன என்று மாணவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். பசுமையால் இலாபம் வந்ததா, கையில் காசு இருந்ததால் பசுமைக்குச் செலவிட முடிந்ததா? ஆராய்ச்சியாளர்களே இதைப் பிரித்துக் காட்டத் திணறுகிறார்கள். உடன் வருவது வேறு, காரணமாவது வேறு என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

செயல்திட்டமாக ஒன்று செய்யலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்பதை 2022–23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. நிறுவனங்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு பாடவேளை போதும். குழுவுக்கு ஒரு நிறுவனம் கொடுத்து, விற்பனையில் ஒரு கோடி ரூபாய்க்கு எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் என்று இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். விகிதப் பகுப்பாய்வுக்குத் தனியாகப் பயிற்சிக் கணக்கு தேட வேண்டியிராது. ஒரே தொழிலில் உள்ள நிறுவனங்களாகக் கொடுங்கள். சிமென்ட்டையும் மென்பொருளையும் ஒப்பிட்டால் பயனில்லை.