குறியாக்கத்திற்கு முன் படங்களை ஒப்பிடல்

பல்லூடகம் – விளக்கக் கட்டுரை

மாணவர்களே, "நெருக்கல்" என்றால் என்ன என்று கேட்டால் கோப்பின் பருமனைக் குறைத்தல் என்று உடனே எழுதிவிடுவீர்கள். விடை சரி. ஆனால் குறைத்தது எதை, அதோடு வேண்டியதும் போய்விட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு வழி, ஒரே படத்தின் இரு வடிவங்களை ஒப்பிடுவதாகும். இப்பாடத்திற்கு ஒரு பழைய திருமண வீடியோ நாடாவை எடுத்துக்கொள்வோம்.

இலங்கையில் பயன்பட்ட பால் முறையில் (குடிக்கும் பாலன்று, தொலைக்காட்சி முறையொன்றின் பெயர்) ஒரு செக்கனில் 25 சட்டகங்கள் உள்ளன. நாடாவைக் கணினியில் பதியும்போது ஒரு சட்டகம் வழக்கமாக 720 × 576 பிக்சல்களாக அமையும். ஒரு பிக்சலுக்கு 3 பைற்று எனக் கொண்டால்,

ஒரு சட்டகம் = 720 × 576 × 3 = 1,244,160 பைற்று
ஒரு செக்கன் = 1,244,160 × 25 = 31,104,000 பைற்று

ஒரு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 112 கிகாபைற்று ஆகும். இதையே செக்கனுக்கு 1,500,000 பிற்று என்ற வீதத்தில் குறியாக்கம் செய்தால், செக்கனுக்கு 187,500 பைற்று. ஒரு மணித்தியாலத்திற்கு 675 மெகாபைற்று. அதாவது ஏறத்தாழ 166 இல் ஒரு பங்கு. மீதி எங்கே போனது?

குறியாக்கி, முன் வந்த சட்டகத்தைக் கொண்டு அடுத்ததை ஊகிக்கின்றது. மணவறைக்குப் பின்னாலுள்ள சுவர் அசையாது. ஆகவே அதைத் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை. பழைய நாடாவில்தான் சிக்கல். அங்கே சுவரின் மேலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் துடித்துக்கொண்டிருக்கும். இரைச்சல் சட்டகத்திற்குச் சட்டகம் எழுந்தமானமாக மாறுவதால் அதை ஊகிக்க முடியாது. குறியாக்கி தன்னிடமுள்ள பிற்றுகளை அந்தப் புள்ளிகளுக்கே செலவழித்துவிட, மணமக்களின் முகத்திற்குப் போதாமற் போகும். இதனாலேயே குறியாக்கத்திற்கு முன் வடிகட்டியைக் கொண்டு இரைச்சலை நீக்குகின்றோம்.

ஆனால் வடிகட்டிக்கு இரைச்சல் எது, சேலைக் கரையின் நுண்ணிய சரிகை எது என்று தெரியாது. சிறியதாகவும் மங்கலாகவும் உள்ள வேறுபாடு எதுவோ அதைத் தேய்த்துவிடும். இதை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. என் பெற்றோரின் திருமண நாடாவில் அம்மம்மா குத்துவிளக்கேற்றும் காட்சி சில செக்கன்கள் வருகின்றது. அவர் அசைந்து நடமாடும் படம் எங்களிடம் வேறு இல்லை. நான் வடிகட்டியை "வலியது" என்ற நிலையில் வைத்து, முழு நாடாவையும் இரவிரவாகக் குறியாக்கம் செய்தேன். புள்ளிகள் எல்லாம் போய்ப் படம் பளிச்சென்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "வடிவாத்தான் கிடக்கு. ஆனா அம்மாவின்ர நெத்தியில இருந்த கோடெல்லாம் எங்கயடா?" என்றார். முகம் மெழுகாக இருந்தது. நாடாவை எறியாமல் வைத்திருந்தபடியால் தப்பினேன். நெருக்கிய கோப்பு மட்டும் இருந்திருந்தால் அந்தக் கோடுகளை எந்த மென்பொருளாலும் மீட்டிருக்க முடியாது.

சரி, எவ்வாறு ஒப்பிடுவது? முதலில் கடினமான சட்டகங்களைத் தெரிவுசெய்க. வெறும் சுவர் எந்த வடிகட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். முகம் ஒன்று, தலைமயிரும் நகையும் உள்ள இடம் ஒன்று, இருட்டு மூலை ஒன்று, கை வீசும் அசைவு ஒன்று என நான்கைந்து போதும். அசைவுச் சட்டகம் கட்டாயம் வேண்டும். சில வடிகட்டிகள் அடுத்தடுத்த சட்டகங்களின் சராசரியை எடுப்பதால், அசையும் கைக்குப் பின்னால் பேய் நிழல் போல ஒன்று தொடரும். அது அசைவில்லாத படத்திற் தெரியாது.

ஒப்பிடும் இரு படங்களும் ஒரே சட்டக இலக்கமுடையனவாக இருத்தல் வேண்டும். 1200 ஆவது சட்டகத்தை 1201 ஆவதுடன் ஒப்பிட்டால் நீங்கள் காண்பது வடிகட்டியின் வேலையன்று, ஆளின் அசைவு. படங்களைப் பிஎன்ஜி வகையிற் சேமிக்க வேண்டும். ஜேபெக் வகை தானே இழப்புடன் நெருக்குவதால் எந்தப் பழுது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமற் போகும். ஒரு தடவையில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றுக. விஞ்ஞான பாடத்தில் மற்றைய மாறிகளை மாறாமல் வைத்திருப்பது போலத்தான். இரு படங்களையும் பக்கத்திற் பக்கமாக வைப்பதைவிட ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டினால் கண் வித்தியாசத்தை விரைவிற் பிடிக்கும்.

அடுத்தது கழித்தற் படம். என் அனுபவத்தில் இதுவே மிகவும் பயனுள்ளது. மூலப் படத்தின் ஒவ்வொரு பிக்சற் பெறுமானத்திலிருந்தும் வடிகட்டிய படத்தின் பெறுமானத்தைக் கழித்து 128 ஐக் கூட்டுக. மாற்றமில்லாத இடம் நடுத்தரச் சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தச் சாம்பலில் எழுந்தமானமான மணல் போன்ற புள்ளிகள் மட்டும் இருந்தால் நீக்கப்பட்டது இரைச்சல். அங்கே ஒரு முகத்தின் கோட்டுருவம் தெரிந்தால் நீக்கப்பட்டது முகம். அம்மம்மாவின் சட்டகத்திற்கு இதைச் செய்தபோது, "வலியது" நிலையிற் புருவமும் நெற்றிக் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. "மெல்லியது" நிலையில் மணல் மட்டுமே இருந்தது.

எண்ணாலும் அளக்கலாம்.

உதாரணம்: மூலப் படத்தின் நான்கு பிக்சல்கள் 120, 124, 118, 126. வடிகட்டிய பின் அவை 121, 123, 120, 124. வர்க்க வழுவின் இடையையும் உச்சச் சைகை–இரைச்சல் விகிதத்தையும் காண்க.

தீர்வு: வித்தியாசங்கள் –1, 1, –2, 2
வர்க்கங்களின் கூட்டுத்தொகை = 1 + 1 + 4 + 4 = 10
வர்க்க வழுவின் இடை = 10 ÷ 4 = 2.5
விகிதம் = 10 × மடக்கை (255² ÷ 2.5) = 10 × மடக்கை 26,010 = 44.15 டெசிபெல்

இங்கே ஒரு பொறி உண்டு. விகிதம் கூடினால் படம் நல்லது என்று பலர் எழுதுவர். குறியாக்கிய படத்தை அதற்குக் கொடுத்த படத்துடன் ஒப்பிடும்போது அது ஓரளவு பொருந்தும். வடிகட்டியைச் சோதிக்கும்போது பொருந்தாது. ஏனெனில் இங்கே மூலப் படமே இரைச்சலுடையது. வடிகட்டி ஒன்றுமே செய்யாவிட்டால் வழு பூச்சியம், விகிதம் முடிவிலி! ஆகவே இவ்வெண் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லுமேயன்றி, மாறியது புள்ளியா நெற்றிக்கோடா என்பதைச் சொல்லாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

படங்களைப் பார்த்து ஓர் அமைப்பைத் தெரிவுசெய்த பின்னர் 20 செக்கன் துண்டொன்றைக் குறியாக்கம் செய்து ஓடவிட்டும் பாருங்கள். துடிப்பு, மினுக்கம் முதலியன நிலைப்படத்திற் தெரியா. பிறகுதான் முழு நாடா. நாடாவையும் எறிய வேண்டாம். அதை ஓட்டும் கருவியும் அருமையாகிவிட்டது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது.

பயிற்சி

1. மூலம் 80, 82, 79, 83. வடிகட்டியது 80, 80, 80, 84. வர்க்க வழுவின் இடை யாது?

2. செக்கனுக்கு 1,200,000 பிற்று வீதத்தில் 20 செக்கன் துண்டின் பருமனைப் பைற்றிற் காண்க.

3. ஒரே சட்டகத்திற்கு அ, ஆ என்னும் இரு அமைப்புகளின் விகிதங்கள் முறையே 38, 41 டெசிபெல். அ இன் கழித்தற் படத்தில் மணல் மட்டும் தெரிகின்றது. ஆ இல் காதணியின் உருவம் தெரிகின்றது. எதைத் தெரிவுசெய்வீர்? காரணம் தருக.

விடைகள்: 1) 1.5   2) 3,000,000 பைற்று   3) அ. ஆ குறைவாக மாற்றியிருந்தாலும், மாற்றியது காதணியை.