நெஞ்சு படபடக்கும்போது: காரணம் தெரியாத துடிப்போடு வாழக் கற்போம்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய கரையோர ஊர்களில், போரினாலும் கடலினாலும் இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறோம். "சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வைத்தியரிடம் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் எனக்கு இருக்கிறதே!" இப்படிச் சொல்பவர்களை வீட்டார் இரண்டு விதமாக நடத்துகிறார்கள். சிலர் "எல்லாம் பயம்தான்" என்று தட்டிக்கழிக்கிறார்கள். சிலர் "இருதய நோய்" என்று பயந்து, அவரை வயலுக்கும் போகவிடாமல் மூலையில் உட்கார வைக்கிறார்கள். இரண்டுமே தவறு. சரியான வழி எது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

1. துடிப்பு ஏன் கூடுகிறது?

ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். உடலுக்கு இரத்தம் கூடுதலாகத் தேவைப்படும்போது துடிப்பும் கூடும். ஆகவே துடிப்புக்கான காரணம் இருதயத்துக்கு வெளியிலும் இருக்கலாம்.

நம்மிடையே காணப்படும் காரணங்கள் பல. மாதவிடாய்ப் போக்காலும், பிள்ளைப்பேற்றாலும், கொழுக்கிப் புழுவாலும் வரும் இரத்தச்சோகை, காய்ச்சல், வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றுதல், தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரத்தல் (இதில் உடல் மெலியும், கை நடுங்கும், வியர்க்கும்), கடும் சாயத்துடன் அடிக்கடி குடிக்கும் தேநீர், பாக்கு, புகையிலை, முட்டு நோய்க்குப் பாவிக்கும் சல்பியூட்டமோல் மருந்து. நீரிழிவுக்குக் குளிசை அல்லது ஊசி எடுப்பவருக்குச் சீனி குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவர்கள் நோன்பு காலத்துக்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

2. மனத்துயரும் ஒரு காரணம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரின்போது, படபடப்பும் நெஞ்சு நோவும் களைப்பும் உள்ள போர்வீரர்கள் பலரை டா கொஸ்ரா என்ற வைத்தியர் பரிசோதித்தார். 300 பேருக்கு மேற்பட்டோரைக் கவனித்து 1871ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அவர்களில் பலருடைய இருதயத்தில் எந்தப் பழுதும் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் பட்ட துன்பம் மெய்யானது. பின்னர் இதற்குப் "போர்வீரன் இருதயம்" என்றே பெயர் வழங்கியது.

நமது கரையிலும் இதைப் புரிந்துகொள்ளலாம். 1990ஆம் ஆண்டிலும் பின்னரும் வெள்ளாமையை விட்டு ஓடியவர்கள் இங்கு உண்டு. 2004 டிசெம்பர் 26இல் வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் அலை சற்று உரத்துக் கேட்டாலே நெஞ்சு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடல் தன்னைத் தயார்படுத்துகிறது. ஆபத்து போன பின்னும் சிலருடைய உடல் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. இது கோழைத்தனமும் அல்ல, நடிப்பும் அல்ல.

3. ஆனால் எல்லாமே பயம் அல்ல

இருதயத்தின் மின்னோட்டப் பாதையில் உள்ள சிறு கோளாறினாலும் துடிப்பு திடீரென 150, 200 என ஏறலாம். சுவிட்சைப் போட்டாற்போல் தொடங்கி, அணைத்தாற்போல் நிற்பது இதன் அடையாளம். பயத்தால் வரும் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும்.

1997ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்தகைய மின்னோட்டக் கோளாறு உள்ள 107 பேரில் நூற்றுக்கு 67 பேரின் அறிகுறிகள் பீதி நோயின் அறிகுறிகளோடு ஒத்திருந்தன. பாதிப்பேருக்கு மேல் முதற் பரிசோதனையில் கோளாறு பிடிபடவேயில்லை. ஆகவே ஒரு தாய் "படபடக்கிறது" என்றால், "பயப்படாதே" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடாதீர்கள்.

ஈ.சி.ஜி. என்பது அது எடுக்கப்படும் சில விநாடிகளின் கதையை மட்டுமே சொல்லும். வைத்தியசாலைக்குப் போய்ச்சேருமுன் துடிப்பு அடங்கினால் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும். இதனால்தான் "ஒன்றுமில்லை" என்ற பதில் கிடைக்கிறது.

4. நாம் செய்யக்கூடியவை

நாடியை எண்ணுங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மறுகையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் எல்லோருக்கும் இதைக் கற்பிக்கலாம்.

கொப்பியில் எழுதுங்கள். திகதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எண்ணிக்கை, துடிப்பு ஒழுங்காக இருந்ததா தாறுமாறாக இருந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன உண்டீர்கள் என்பவற்றைக் குறியுங்கள். அக்கொப்பியோடும், பாவிக்கும் மருந்துகளோடும் வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அரசாங்க வைத்தியசாலைகள். பார்ப்பதற்குப் பணம் இல்லை. துடிக்கும் வேளையிலேயே போக முடிந்தால் இன்னும் நல்லது.

மூச்சை மெதுவாக விடுங்கள். நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். சில நிமிடங்கள் தொடருங்கள். தேநீர், பாக்கைக் குறைத்துப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

அயல்வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்காதீர்கள். துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலோல் என்ற குளிசை, முட்டு நோயாளிக்குப் பெரும் ஆபத்தைத் தரும். கழுத்து நரம்பை அழுத்தும் முறைகளையும் செய்யாதீர்கள். திடீர்த் துடிப்பை மூச்சை முக்கி அடக்கும் முறை ஒன்று உண்டு. அதை உங்கள் வைத்தியர் காட்டித் தந்தால் மட்டுமே செய்யுங்கள்.

5. காத்திருக்கக் கூடாத வேளைகள்

துடிப்போடு நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை. கடும் வேலையின் நடுவே மயங்கி விழுந்தவரும், இளவயதில் திடீரென இறந்தவர் உள்ள குடும்பத்தவரும், துடிப்பு அடங்கிவிட்டாலும் கட்டாயம் வைத்தியரைக் காண வேண்டும்.

6. துடிப்போடு வாழ்தல்

பரிசோதனைகள் முடிந்து, இருதயத்தில் பழுதில்லை என்று தெரிந்த பின்னும் துடிப்பு வந்து போகலாம். அப்போது வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. வைத்தியர் தடுக்காவிட்டால் நடங்கள், வயலுக்குப் போங்கள். இடையில் வந்தால் நிழலில் அமர்ந்து, மூச்சை மெதுவாக்கி, எண்ணி எழுதிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நித்திரையைக் கெடுக்கும் துயரம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வாய்விட்டுப் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு. வீட்டார் செய்யும் பெரிய உதவி, துடிக்கும் வேளையில் பக்கத்தில் அமர்ந்து நாடியை எண்ணுவதுதான்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது குழுவில் எத்தனை பேர் நாடி எண்ணத் தெரிந்தவர்கள்? இன்றே ஒருவர் கையை மற்றவர் பிடித்துப் பழகுவோம்.

2. நமது வீட்டுப் பெண்கள் "களைப்பு, படபடப்பு" என்று சொல்லும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்?

3. இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால் யாருடைய தொலைபேசியில் 1990க்கு அழைப்பது? அம்புலன்ஸ் வந்து நிற்க எந்த ஒழுங்கை வசதியானது? பெயரையும் இடத்தையும் இப்போதே தீர்மானித்து எழுதி வைப்போம்.