கோவளத்துக்கு வரும் பயணி மருத்துவ உதவி பெறும் வழி

ஒரு நாட்டின் மருத்துவம் தரமானதா, பாதுகாப்பானதா என்று பயணிகள் பொதுவாகக் கேட்பதுண்டு. ஆனால் ஒரே நாட்டுக்குள், ஒரே மாவட்டத்துக்குள்கூட மருத்துவமனைக்கு மருத்துவமனை வசதி வேறுபடுவதால், எந்த நோய்க்கு எந்த வாசலுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச்சேர முடியும் என்பதே பயணி கேட்க வேண்டிய கேள்வியாகும். செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கோவளத்தை வைத்து இக்கேள்விக்கு விடை தேடலாம்.

முதலில் செய்ய வேண்டியது, தங்குமிடத்தின் முகவரியை முழுமையாக எழுதி வைப்பது. கேரளத்தில் ஒரு கோவளமும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கோவளமும் இருப்பதால், 2008 முதல் தமிழ்நாட்டில் கட்டணமின்றி இயங்கிவரும் 108 அவசர ஊர்தியை அழைப்பவர், ஊர்ப்பெயரோடு நில்லாமல் மாவட்டம், சாலை, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, மருத்துவமனைகளை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். சிறு காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அறுவைச் சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தேவைப்படும் நிலையில், உப்பங்கழியைக் கடந்து சில கிலோமீட்டர் மேற்கே, கேளம்பாக்கத்திலுள்ள செட்டிநாடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கிறது. அரசு மருத்துவமனையே வேண்டும் என்பவர் குரோம்பேட்டைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். தனியார் மருத்துவமனையில் சேருமுன், மருத்துவமனைகளுக்கான தேசிய தர ஏற்பு வாரியத்தின் சான்று அங்கு உள்ளதா என்று பார்ப்பது நல்லது. நோய்த்தொற்றுத் தடுப்பு, மருந்து வழங்கும் முறை, பதிவேடுகள் முதலியவை வகுத்த நெறிப்படி நடப்பதை அச்சான்று காட்டும். குறிப்பிட்ட மருத்துவரின் கைத்திறனை அது அளப்பதில்லை. மருந்துச்சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதியாதலால், அது இல்லாத சீட்டைக் கொண்டு மருந்து வாங்காதிருப்பதே முறை.

மூன்றாவதாக, இவ்வூருக்கே உரிய ஆபத்துகளை அறிந்திருக்க வேண்டும். அவற்றுள் பாம்புக்கடி விரிவாகச் சொல்லத்தக்கது. கோவளத்துக்குத் தெற்கே அதே சாலையிலுள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச்சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வதே நச்சுமுறிவு மருந்து. மருத்துவமனைகளில் இதை ஏ.எஸ்.வி. என்பர். பல நாட்டாரின் உயிரைக் காக்க உதவும் இந்த நஞ்செடுக்கும் திறன் இருளர் பழங்குடியினரின் கைவழி வந்தது என்பதைப் பயணிகள் மதிப்போடு நினைவில் கொள்ள வேண்டும்.

பாம்பு கடித்தவுடன், கடிபட்டவரைப் படுக்கவைத்து, மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாதபடி மட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் மூன்றும் தீங்கானவை. நச்சுமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதாலும், கட்டுவிரியன் நஞ்சு மூச்சுத்தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதாலும், மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள இடமா என்பதை வழியிலேயே தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். தரையில் படுத்தவருக்கு இரவில் வலியோ தடமோ இன்றிக் கட்டுவிரியன் கடி நேர்வதுண்டு. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சரிவும் தோன்றினால் அதை அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது. கடற்பாம்பின் நஞ்சுக்கு இந்த மருந்து பயன்படாது என்பதால், மீனவர் வலையிலிருந்து எடுத்துப் போட்டவற்றைத் தொடாதிருப்பதே காப்பு.

நாய்க்கடிக்கு முதல் சிகிச்சை, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது. அதன்பின் அரசு நிலையங்களில் தோலினுள் செலுத்தும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படுகிறது. தோல் கிழிந்து குருதி வந்திருந்தால், காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருளையும் கேட்டுப் பெற வேண்டும். விடுமுறை முடிந்தபின்னும் ஊசி மிச்சமிருக்கும் என்பதால், தடுப்பூசி அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்து, ஊர் திரும்பியதும் எஞ்சிய தவணைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து நேர்ந்தால், பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆயினும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரையறுத்த தொகைக்குள் கட்டணமின்றி அளிக்கிறது. அதற்கு மேற்பட்ட செலவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். சேர்க்கையின்போதே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் பின்னர் தொகை மறுக்கப்படக்கூடும்.

மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது, சிகிச்சைச் சுருக்கம், ஆய்வக முடிவுகள், முத்திரையிட்ட இரசீதுகள் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்வதோடு, மருந்துகளின் வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் மருத்துவரின் கையாலேயே எழுதி வாங்க வேண்டும்.