கோலாரின் பழைய வெட்டுப்படங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஸ்கேன் செய்துவிட்டால் பழைய படம் தரவாகிவிடும்.

ஸ்கேன் தருவது ஒரு நிழற்படம்தான். கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்வைத்தது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அவற்றில் ஒன்றான சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. இத்தகைய பழைய சுரங்கங்களின் வெட்டுப்படங்களில், அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்ததுபோல் வரைந்த படங்களில், அளவுகள் அடிக்கணக்கில் இருக்கும். காகிதமோ நீளவாட்டில் ஒரு மாதிரியும் அகலவாட்டில் வேறு மாதிரியும் சுருங்கியிருக்கும். நான்கு மூலைகளைப் பொருத்தினால் போதாது. கட்டக்கோடுகள் சந்திக்கும் புள்ளிகளைக் கொண்டு படத்தை நேராக்கி, கணினியின் முப்பரிமாண மாதிரியில் நிலத்தடியில் அதற்குரிய இடத்தில் செங்குத்தாக நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை: அலகுகளை மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்கு.

அடியை 0.3048-ஆல் பெருக்கினால் மீட்டர், சரி. தங்கத்தின் கதை வேறு. பிரிட்டிஷ் காலத்தில் டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட் என்று எழுதுவார்கள். ஒரு பென்னிவெயிட் 1.555 கிராம். ஆனால் எந்த டன்? 2,240 பவுண்டு டன் என்றால், மெட்ரிக் டன்னுக்கு 1.53 கிராம், 2,000 பவுண்டு டன் என்றால் 1.71 கிராம். 12 சதவீத வித்தியாசம்! எடுத்தால் கட்டுபடியாகுமா என்ற கணக்கையே இது புரட்டிப்போடும். எந்த டன் என்று சரிபார்க்க, எண்களைப் பதிவேற்றுபவரின் மேசையில் ஆய்வுக்கூடப் பேரேடும் இருந்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: படத்திலுள்ள கோடுகள் எல்லாம் ஒரே தரம்.

மிகப் பெரிய சேதம் இதனால்தான். தொடர்கோடு பெரும்பாலும் கண்ணால் கண்ட பாறை எல்லை. விட்டுவிட்டு வரைந்த கோடு புவியியலாளரின் ஊகம். இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டால் மென்பொருள் ஊகத்தையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். பாறையை ஆராயப் போட்ட துளைகளிலும் கவனம் வேண்டும்: வெட்டுத்தளத்திலிருந்து தள்ளிப் போட்ட துளையையும் தளத்தின் மேலேயே வரைந்திருப்பார்கள். துளைப் பதிவேட்டைப் பார்த்து அதை அதன் சொந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை: ஊகம் என்றால் எறிந்துவிடலாம், கணினி புதிதாக வரைந்துகொள்ளும்.

கூடவே கூடாது. வரைந்தவர் சுரங்கத்துக்குள் நின்று பார்த்த பாறைச்சுவர்கள் இன்று தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அவர் ஊகத்தைத் தனி அடுக்கில், பெயரும் தேதியும் சேர்த்து வையுங்கள். நீள்வெட்டுப் படங்களில் தாது வெட்டி எடுத்துவிட்ட பகுதிகளைக் குறித்திருப்பார்கள். அவற்றையும் முப்பரிமாணத்தில் வரைந்து கழியுங்கள். இல்லையென்றால் எப்போதோ உருக்கி விற்ற தங்கத்தை மீண்டும் இருப்பில் எண்ணிக்கொண்டிருப்போம்.