லூக் கையில் இருந்த ஃபிளாஷ் பிடி

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபி, லூக் ஸ்கைவாக்கரின் கையில் லைட்சேபர் என்ற ஒளிவாளைக் கொடுப்பார். பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருக்கும் அந்தக் கைப்பிடி, ஒரு பழைய ஃபிளாஷின் பேட்டரிக் குழல். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கித் திரிந்த ஸ்பீடு கிராஃபிக் கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொள்வதற்காக, அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் செய்தது. படத்தின் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டன் கிரேட் மார்ல்பரோ தெருவில் ஒரு புகைப்படக் கடையில் இதைக் கண்டெடுத்தார். தலையில் பொருத்தும் பிரதிபலிப்புக் கிண்ணம் வேண்டாமென்று விட்டுவிட்டார். அலமாரிக் கதவுகளுக்கான பிளாஸ்டிக் பட்டையைத் துண்டுகளாக வெட்டி, குழலின் கீழ்ப்பாதியைச் சுற்றி ஒட்டினார். நடுவிலுள்ள பட்டியில், டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டரிலிருந்து கழற்றிய லென்ஸ் துண்டைச் செருகினார்.

அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் பொருள்களை அச்சு அசலாகத் திரும்பச் செய்வது என் நெடுநாள் ஈடுபாடு. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது கடைசல் வேலையைப் பற்றி, பெயின்ட்டைப் பற்றி. நான் சொல்வது ஒன்றுதான். கருவியைத் தொடுவதற்கு முன், அந்தப் பாகம் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் எந்தத் தொழிலில் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் அளவு, வளைவு, மரை, உலோகம் எல்லாம் பின்னாலேயே வந்து சேரும். தெரியாத வரைக்கும், எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கண்மதிப்புதான்.

எங்கிருந்து தொடங்குவது? படம் எடுத்த ஊரையும் வருஷத்தையும் எழுதி எதிரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' அரங்குகள் 1976-ல் லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீயில் எழுந்தன. கையில் பணம் குறைவு. கிறிஸ்டியன் பழைய விமானச் சரக்கை எடைக்கு வாங்கி அரங்குகளை நிரப்பினார். ஆகவே, நாம் தேட வேண்டிய பாகம் 1976-ல் லண்டனைச் சுற்றி மலிவாகக் கிடைத்த ஏதோ ஒன்று. போரில் மிஞ்சிய சாமான், கழித்துப்போட்ட ஜெட் இன்ஜின், கேமராக் கடையில் விற்காமல் கிடந்த சரக்கு, குளியலறைப் பொருத்துகள் என்று வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். ஜப்பானில் 1985-ல் வந்த ஒரு பாகம் எவ்வளவு ஒத்துப்போவதுபோலத் தெரிந்தாலும் அதைத் தள்ளிவைத்துவிடலாம். இந்த ஒரு சல்லடையே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

ஓபி-வானின் லைட்சேபர்தான் இதற்கு நான் காட்டும் பாடம். மேல்முனை, ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினிலுள்ள ஒரு குழாய்ப் பாகம். 'பேலன்ஸ் பைப்' என்பார்கள். க்ளோஸ்டர் மீட்டியர் விமானத்தில் ஓடிய இன்ஜின் அது. அதற்குக் கீழே, கட்டங்கட்டமாக வெட்டுப்பட்டிருக்கும் பகுதி, முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் வைத்துச் சுட்ட கையெறி குண்டு. அடுத்து பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் குழல்முனைப் பாகம். அதைக் கவ்வியிருக்கும் பட்டி, அதே கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷிலிருந்து எடுத்தது. அடிக்குமிழ், ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் நிறுவனத்தின் தண்ணீர்க் குழாய்த் திருகு.

விமானம், போர்த் தளவாடம், கேமரா, குளியலறை என்று ஒரே கைப்பிடியில் இத்தனை தொழில்கள். இவற்றைப் பார்த்தறிய நான்கு தனித்தனி உலகங்களின் பட்டியல் புத்தகங்களையும் பராமரிப்புக் கையேடுகளையும் புரட்ட வேண்டும். சினிமாப் புத்தகங்களில் மட்டுமே தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் குழாய்த் திருகு கண்ணிலேயே படாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் சாமான்களை விற்கும் கடைக்காரர் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். நான் வசிக்கும் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போகும்போது படத்தின் பெயரைச் சொல்லாமல், பாகத்தின் புகைப்படத்தை மட்டும் காட்டி, "இது என்ன வேலை செய்திருக்கும்?" என்று கேட்பேன். படத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு படத்துக்குப் போய்விடும். வேலையைக் கேட்டால் அவருடைய நாற்பது வருஷ அனுபவம் பேசத் தொடங்கும்.

ஒரு பாகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பள்ளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கிராஃப்ளெக்ஸ் குழலையே எடுத்துக்கொள்வோம். லூக்கின் கைப்பிடி ஏன் அந்தப் பருமன்? உள்ளே மூன்று டி அளவு பேட்டரி போக வேண்டும். டார்ச் லைட்டில் போடும் அந்தப் பெரிய பேட்டரி சுமார் 61 மில்லிமீட்டர் உயரம், 34 மில்லிமீட்டருக்குள் விட்டம். மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாலே குழலின் நீளத்துக்கும் உள்விட்டத்துக்கும் காரணம் புரிந்துவிடும். பக்கவாட்டிலுள்ள சிவப்புப் பொத்தான் ஃபிளாஷை எரியவிடுவதற்கு. தலையில் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தகடுகள் பிரதிபலிப்புக் கிண்ணத்தைப் பிடிப்பதற்கு. நடுவிலுள்ள பட்டி, குழலைக் கேமராவோடு இறுக்குவதற்கு. அதனால்தான் அதற்கு ஒரு நெம்புகோல். கால்குலேட்டர் லென்ஸ் ஏன் வரிசையாகக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது? அந்தக் காலத்து எல்.இ.டி. எண்கள் மிகச் சிறியவை. ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே ஒரு சின்ன உருப்பெருக்கி தேவைப்பட்டது.

குழலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்குக் கட்டாயப் பழக்கம். அங்கே நிறுவனத்தின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். 1945 வரை நிறுவனத்தின் பெயர் ஃபோல்மர் கிராஃப்ளெக்ஸ். பிறகுதான் வெறும் கிராஃப்ளெக்ஸ். சில குழல்களில் ஊர்ப்பெயரோடு 'ராச்செஸ்டர் 8' என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்கத் தபால் வட்டார எண். 1943-ல் வந்த அந்த முறை, 1963-ல் ஜிப் கோடு வந்ததும் போய்விட்டது. ஆக, கிராஃப்ளெக்ஸ் என்ற பெயரும் 8 என்ற எண்ணும் சேர்ந்திருந்தால் அந்த அச்சு 1945-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது. விற்பவர் என்ன வருஷம் சொன்னாலும் அடிப்பாகத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதை அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

ஒரு பாகம் உறுதியாகத் தெரிந்துவிட்டால் அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல். குழலின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் எடுத்துவிட்டால், அதே புகைப்படத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாகத்தின் அளவை விகிதம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு பாகமும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நடிகர் கைப்பிடியைக் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் படத்தில் முனை பெருத்தும் அடி சிறுத்தும் தெரியும். அளவெடுக்க அந்தப் படம் உதவாது. பக்கவாட்டில் பிடித்திருக்கும் விளம்பரப் படங்களைத் தேடுங்கள். திரையிலிருந்து நிறுத்தி எடுக்கும் பிம்பத்தைவிட ஸ்டில் புகைப்படக்காரர் எடுத்ததில் விளிம்புகள் பல மடங்கு தெளிவாக இருக்கும்.

எந்தக் காட்சியில் வரும் பொருளைச் செய்யப்போகிறோம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரே லைட்சேபர் என்று நாம் நினைப்பது பல பொருள்கள். இடுப்பில் தொங்கவிட ஒன்று, சண்டைக்கு வேறொன்று. 1976 படப்பிடிப்பில் சண்டைக்கான கைப்பிடிகளுக்குள் மோட்டார் வைத்து, ஒளியைத் திருப்பியடிக்கும் பூச்சு கொண்ட தடியைச் சுழலவிட்டார்கள். அடுத்த படமான 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்'கில் கால்குலேட்டர் லென்ஸ் போய், சர்க்கிட் போர்டின் விளிம்புத் துண்டு வந்துவிட்டது. இரண்டையும் கலந்து செய்த பிரதி எந்தக் காட்சிக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

ஒரு பாகம் கிடைத்ததும் அதே கடையின் பக்கத்து அலமாரியையும் பாருங்கள். லூக்குக்கு கிராஃப்ளெக்ஸ் என்றால், டார்த் வேடரின் கைப்பிடி பிரிட்டிஷ் தயாரிப்பான எம்.பி.பி. மைக்ரோஃபிளாஷ். ஓபி-வானுக்குக் குழாய் கொடுத்த டெர்வென்ட் இன்ஜினின் எரிகலன்தான் மது விடுதிக் காட்சியில் பின்னணியில் நின்றது; அடுத்த படத்தில் அதுவே ஐ.ஜி.-88 என்ற ரோபோவின் தலையானது. பொருள் சேகரிப்பவர் ஒரு கடைக்குப் போனால் ஒரு சாமானோடு திரும்புவதில்லை.

அதேபோல, வாடகைக்கு வந்த பொருளாக இருந்தால் அதன் முந்தைய படங்களைத் தேடுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் ஹான் சோலோவின் துப்பாக்கி, மவுசர் சி96 கைத்துப்பாக்கியில் ஹென்சோல்ட் தொலைநோக்கியையும் ஜெர்மானிய எம்.ஜி.81 துப்பாக்கியின் முனையையும் பூட்டிச் செய்தது. அந்த மவுசர், 1967-ல் ஃபிராங்க் சினாட்ரா நடித்த 'தி நேக்கட் ரன்னர்' படத்தில் ஏற்கெனவே வந்த ஒன்று. லண்டனில் படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் கிடங்கிலிருந்துதான் இரண்டு படத்துக்கும் போனது. விண்வெளிப் படத்தில் இருட்டில் மறைந்துபோன ஒரு பக்கம், பத்து வருஷம் முந்தைய உளவுப் படத்தில் வெளிச்சத்தில் கிடைக்கலாம்.

ஆயுதம் என்று வந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நிஜத் துப்பாக்கியின் பக்கமே போகாதீர்கள். பிரிட்டனில் 2006-ம் வருஷச் சட்டம், நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும்கூடக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கையெறி குண்டு விஷயத்தில் சமரசமே கிடையாது. நூறு வருஷமானாலும் உள்ளே மருந்து இருக்கலாம். அதை அலுமினியத்தில் கடைந்து வாங்குவதே சரி. நல்ல கடைசல்காரர்கள் அசலை அளந்து செய்துகொடுக்கிறார்கள்.

'பிளேட் ரன்னர்' படத்தில் ஹாரிசன் ஃபோர்டு வைத்திருக்கும் துப்பாக்கி, ஒரு பாகத்தை எப்போது 'உறுதி' என்று சொல்லலாம் என்பதை எனக்கு உணர்த்தியது. ஆஸ்திரிய ஸ்டெயர் மான்லிகர் வேட்டைத் துப்பாக்கியின் இயங்குபகுதியும், அமெரிக்க சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரும் சேர்ந்தது அது. 1982-ல் படம் வந்த பிறகு, அசல் எங்கே என்று தெரியாமலேயே ரசிகர்கள் படச்சட்டம் படச்சட்டமாக ஆராய்ந்து பிரதிகள் செய்தார்கள். 2006-ல் அனாஹைமில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசலே காட்சிக்கு வந்தது. புகைப்படத்தைக் கொண்டு ஊகித்தவற்றில் எவை சரி, எவை திருத்த வேண்டியவை என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. அதனால் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, அசலில் பார்த்தது, புகைப்படத்தில் பார்த்தது, ஒருவர் சொன்னது என்று மூன்றில் ஒன்றை எழுதுவேன். மூன்றாவதை இரண்டாவதாக்கப் படம் கிடைக்க வேண்டும். எத்தனை பேர் திரும்பச் சொன்னாலும் போதாது.

வாங்கும்போது தேடுசொல்லில் படத்தின் பெயரைப் போடாதீர்கள். 'லைட்சேபர்' என்று எழுதி விற்கும் கிராஃப்ளெக்ஸுக்கு ஒரு விலை, 'மூன்று செல் ஃபிளாஷ்' என்று எழுதி விற்பதற்கு வேறு விலை. கேமரா சேகரிப்பவர்கள் கூடும் சந்தைகளில் இன்னும் நியாயமாகக் கிடைக்கும். ஆனால் முழு ஃபிளாஷும் கிண்ணம், பட்டி, பெட்டியோடு நல்ல நிலையில் கிடைத்தால் அதை வெட்டித் துளைக்க எனக்கு மனம் வராது. அது ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் கருவி. அந்தத் தொழிலின் வரலாற்றுக்கும் அதில் உரிமை உண்டு. அளவெடுத்துவிட்டு அப்படியே வைப்பேன். துருப்பிடித்து, உறுப்பிழந்து வருவதைத்தான் வேலைக்கு எடுப்பேன். இல்லையென்றால் புதிதாகச் செய்து விற்கும் குழலே போதும்.

முதல்முறை முயல்பவருக்கு லைட்சேபர் வேண்டாம். 1999-ல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் குவை-கான் ஜின் பேசும் சிறு தொடர்புக்கருவியில் தொடங்குங்கள். ஜில்லெட் நிறுவனத்தின் பெண்களுக்கான சென்சர் எக்ஸெல் ரேசர் பிடியிலிருந்து ரெசினில் வார்த்தது அது. ஒரே பாகம், ஆபத்தில்லாத பொருள், சட்டச் சிக்கலும் இல்லை. ரேசர் கிடைத்ததும் நேரே பெயின்ட் அடித்துவிடாமல் அச்செடுத்து ரெசினில் வார்த்தெடுங்கள். ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். ரேசரை அளந்து எழுதிக்கொண்டு, வார்த்ததையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.