அந்த ‘டக்’ சத்தம்

அன்புத் தங்கைக்கு,

அடுத்த வாரத்திலிருந்து மார்பகப் பயாப்ஸியை நீயே தனியாக எடுக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் கை பழகிவிட்டது, அதில் எனக்குக் கவலையில்லை. பேச்சு பழக வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அறைக்கு வருகிறவர் கையில் மேமோகிராம் ரிப்போர்ட் இருக்கும். அதில் ‘பைராட்ஸ் 4’ என்பதைப் பார்த்து, நாலாம் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் வந்திருப்பார். முதலில் அதைத் தெளிவாக்கு. அது நோயின் கட்டம் இல்லை, படம் பார்த்தவரின் சந்தேக அளவு. 4ஏ என்றால் நூறு பேரில் இரண்டிலிருந்து பத்துப் பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். 4சி என்றால் பாதிக்கு மேல். அவரிடம் ‘ஒன்றும் இருக்காதும்மா’ என்று சொல்லிவிடாதே. ஒரு வாரம் கழித்து நீ சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

‘ஊசி குத்தினா பரவிடுமா?’ அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியார் கேட்டிருப்பார். நீயே எடுத்துச் சொல்: பயாப்ஸி எடுத்ததால் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

நான் புதிதாக இருந்தபோது ஒரு அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் பயாப்ஸி கன்னை அழுத்தினேன். ‘டக்’கென்ற சத்தத்தில் அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார், ஊசி விலகிவிட்டது. வலிக்கவில்லை, பயம்தான். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து, அவர்கள் படுத்ததும் கன்னை அவர்கள் பக்கத்தில் காற்றில் இரண்டு தடவை அழுத்திக் காட்டுகிறேன். ‘இந்தச் சத்தம்தான்மா, நாலைந்து தடவை கேட்கும்.’ உடம்பு தளர்வதைக் கண்ணால் பார்ப்பாய். மரத்துப்போகப் போடும் ஊசி சில நொடி சுரீரென்று எரியும் என்பதையும் மறைக்காதே.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பையிலிருக்கும் மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார். எடுத்த துண்டு ஃபார்மலினில் மிதந்தால் வெறும் கொழுப்பாக இருக்கலாம். மேமோகிராமில் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகளுக்காக எடுத்தது என்றால், அவரை அனுப்பும் முன் துண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் புள்ளி வந்திருக்கிறதா பார். ஊசியை எடுத்ததும், குத்திய இடத்தைப் பத்து நிமிடம் உன் கையாலேயே அழுத்திப் பிடி. தோல் கன்றி நீலமாகும், அதுவாகவே மறையும். ‘கடினமான வேலை வேண்டாம்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘நாளைக்குத் தண்ணிக்குடம் தூக்காதீங்க’ என்று சொல்.

முடிவை அவரிடமே சொல், உட்காரவைத்து. வராந்தாவில் கணவரை ஓரமாக அழைத்துச் சொல்லும் வழக்கம் உன்னோடு முடியட்டும்.

இன்னொன்று. படத்தில் கட்டியின் விளிம்பு கூர்கூராக நீண்டிருக்க, ரிப்போர்ட் ‘ஃபைப்ரோஅடினோமா’, அதாவது புற்றுநோயல்லாத கட்டி, என்று வந்தால் சந்தோஷப்பட்டு அனுப்பிவிடாதே. ஊசி இடம் தவறியிருக்கலாம். பாத்தாலஜிஸ்டிடம் பேசு, படத்தைக் காட்டு, தேவைப்பட்டால் மறுபடி எடு. ‘இன்னொரு தடவை படுங்கம்மா’ என்று சொல்ல நாக்கு கூசும். கூசினாலும் சொல்.

அன்புடன்,
அக்கா